புதுமொழியின் வாயிலில்

நுழையும்முன்

புதிய கணினி மொழியொன்று அறிமுகமாகும்போது அதனை உடனே கைக்கொள்வதா, அது நிலைபெறும்வரை காத்திருப்பதா என்னும் வினா நிரலர்முன் எழுகிறது. இவ்விரு வழிகளின் நன்மை தீமைகளை ஸ்விஃப்ட் மொழியின் வரலாற்றைக்கொண்டு இப்பாடம் ஆராய்கிறது.

ஐபோன் செயலிகள் தொடக்கத்தில் பெரும்பாலும் அப்ஜெக்டிவ்-சி என்னும் மொழியில் எழுதப்பட்டன. 1980களில் உருவான அம்மொழிக்கு மாற்றாக, 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் ஸ்விஃப்ட்டை அறிமுகப்படுத்தியது.

முந்தியோர் பெற்ற பயன்

பழைய மொழியில், மதிப்பே இல்லாத ஒன்றுக்குக் கட்டளை அனுப்பினாலும் நிரல் எதுவும் உணர்த்தாமல் கடந்துசெல்லும்; பிழை மறைந்தே கிடக்கும். ஸ்விஃப்ட்டிலோ ஓரிடத்தில் மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்பதை நிரலர் முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். தவறினால், நிரல் இயங்குவதற்கு முன்பே தொகுப்பி அதனைச் சுட்டிக்காட்டும். பயனரைச் சென்று வருத்தியிருக்கக்கூடிய பிழை, எழுதியவரிடமே பிடிபட்டது. 2015 டிசம்பரில் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டபின், மொழியில் செய்யவேண்டிய மாற்றங்களை வெளியாரும் முன்மொழிய முடிந்தது.

அவர்கள் கொடுத்த விலை

2016இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் பல செயற்கூறுகளின் பெயர்கள் மாறின; சில குறியீடுகள் நீக்கப்பட்டன. முன்பு எழுதிய நிரல்கள் பல அப்படியே ஏற்கப்படவில்லை. மாற்றித்தரும் கருவி இருந்தும், எஞ்சியவற்றை நிரலர் தம் கையாலேயே திருத்த நேர்ந்தது. பிறருடைய நிரலகங்களைச் சார்ந்திருந்தோர் அவை புதுப்பிக்கப்படும்வரை காத்திருந்தனர். மொழி இயங்கத் தேவையான நிரலகங்களையும் ஒவ்வொரு செயலியும் தன்னுள் சுமந்தது. 2019இல் ஐந்தாம் பதிப்பு வந்தபின்னரே அச்சுமையை இயங்குதளம் ஏற்றது.

துணிவும் அளவும்

காத்திருந்தோர் இத்தொல்லைகளிலிருந்து தப்பினர். ஆயினும், அவ்வைந்தாண்டுகளில் பழைய மொழியில் எழுதியவற்றைப் பேணும் பொறுப்பு அவர்களுக்கு மிஞ்சியது. இரு வழிகளுக்கும் விலை உண்டு என்பதை இது காட்டுகிறது.

ஒரே செயலியில் இரு மொழிகளையும் கலந்து எழுத ஸ்விஃப்ட் தொடக்கத்திலேயே இடமளித்தது. எனவே, ஒரு சிறு பகுதியை மட்டும் புதுமொழியில் எழுதிப் பார்க்க வழி இருந்தது. முயற்சி தவறினாலும் இழப்பு அப்பகுதியோடு நின்றுவிடும். பெற்ற பயிற்சியோ நிலைக்கும். மாணவர் தம் பயிற்சி நிரலை மீண்டும் எழுதிவிடலாம். பலர் பணத்தைக் கையாளும் வங்கிச் செயலியில் நேரும் தடங்கலோ, அம்முடிவை எடுக்காத மக்களையே வருத்தும். ஆகவே, மொழியின் சிறப்பை மட்டுமன்றி, அது மாறும்போது நேரும் இழப்பு யார்மீது விழும் என்பதையும் எண்ணியே ஒருவர் துணிய வேண்டும்.

கற்பவை கற்றபின்

பள்ளி நூலகத்திற்கான செயலியை அண்மையில் வெளிவந்த கணினி மொழியில் எழுதலாமா? இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பறையில் வாதிடுக.