சலான் வந்திருக்கா கண்ணு? முதலில் படத்தைப் பாரு

ஜேடர்பாளையத்தில் வெல்லம் ஏற்றும் வண்டி ஓட்டியே என் காலம் போனது. இப்போது ஸ்டியரிங் மகன் கையில். ஆனாலும் 'நோ பார்க்கிங்' சலான் வந்த பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு என் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். பாதிப் பேர் அதற்குள் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. மெசேஜில் இருக்கும் லிங்க்கைத் தொடாதீர்கள். 'ஆர்.டி.ஓ. சலான்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் திறந்து பேங்க் பணத்தை இழந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். நீங்களே பரிவாகன் தளத்துக்குப் போய் வண்டி நம்பரை அடித்துப் பாருங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிந்தால்தான் அரசாங்கத்துடையது. ஆர்.சி. பக்கத்தில் இருக்கட்டும், சேசிஸ் நம்பரும் கேட்கும்.

2. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். என் மகனுக்கு ஒரு சலான் வந்தது. பக்கத்து நகரத்தில் ஒரு கடைவீதியில் காலை 10.50-க்கு வண்டியை நிறுத்தியிருந்தானாம். அந்த நேரம் அவன் பிலிக்கல்பாளையம் சந்தையில் சிப்பம் இறக்கிக்கொண்டிருந்தான். படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். நம்பர் பலகையில் சேறு. 3-இன் இடது பக்கம் சேறு ஒட்டி 8 மாதிரி தெரிந்தது. அதோடு, எங்கள் வண்டியின் பின்கதவுக்குக் கீழே ஆடு முட்டி நெளிந்த இடம் ஒன்று உண்டு. படத்தில் இருந்த வண்டியில் அது இல்லை. மண்டி எடைச்சீட்டில் 30 கிலோ சிப்பம் எத்தனை என்பதோடு நேரமும் அச்சாகியிருந்தது: 10.42. அந்தச் சீட்டை மட்டும் அன்றைக்குக் குப்பையில் போட்டிருந்தால் எங்களிடம் பேச என்ன இருந்திருக்கும்? எடைச்சீட்டு, டீசல் பில், கீரம்பூர் சுங்கச்சாவடியைக் கடந்த ஃபாஸ்டேக் மெசேஜ், எதையும் மூன்று மாதமாவது வைத்திருங்கள்.

தானியங்கி கேமரா பிடித்த சலானுக்குத் தனி விதியே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று சேர்த்தார்கள். தவறு நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். நம்பர் தெளிவாகத் தெரியும் படம், இடம், தேதி, நேரம், எந்தப் பிரிவை மீறினீர்கள் என்பது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அதை மனுவில் எழுதுங்கள்.

3. நிறுத்திய இடத்தை நேர்மையாக யோசியுங்கள். "போர்டே இல்லைங்க" என்பதுதான் எல்லாரும் சொல்வது. பாதசாரிகள் கடக்கும் கோடு, நடைபாதை, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், முச்சந்தி இங்கெல்லாம் போர்டு தேவையே இல்லை. 2017-இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகளே தடுக்கின்றன. மற்ற இடங்களில் போர்டு மரக்கிளைக்குள் மறைந்திருக்கிறதா, விளம்பரத் தட்டி மூடியிருக்கிறதா என்று அடுத்த நாளே போய்ப் படம் எடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் தட்டியைக் கழற்றியிருப்பார்கள்.

இன்னொன்று: "என் வீட்டு வாசல், என் வண்டி." பெண்ணைக் கட்டிக்கொடுத்த வகையில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்களுக்குச் சொந்தம் உண்டு. அங்கே தெருவாசிகளுக்கு கவுன்சில் பெர்மிட் கொடுக்கிறது. அது இல்லாமல் நிறுத்தினால் அபராதம். முதலில் கவுன்சிலிடமே ஆட்சேபிக்கலாம், அது மறுத்தால் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. நம் பக்கம் அந்தப் பெர்மிட் கிடையாது. வாசலுக்கு முன்னால் இருப்பது பொதுச் சாலை. அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், நிற்காது.

4. தப்பு உங்களுடையது இல்லை என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டியது கட்டியதுதான், மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவின்படி சமரசம் செய்துகொண்டதாகிவிடும், பிறகு வாதாட வழியில்லை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் திருத்திய கணக்குப்படி நோ பார்க்கிங் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500. செய்யாத தப்புக்கு 500 கட்டுகிறவன் அந்த 1,500-க்கும் வாசலைத் திறந்து வைக்கிறான்.

5. மனு அரைப் பக்கம் போதும். சலான் நம்பர், வண்டி நம்பர், தேதி, நேரம். "மேற்படி நேரத்தில் என் வண்டி அவ்விடத்தில் இல்லை, ஆதாரம் இணைத்துள்ளேன், ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். போலீஸ்காரர் எப்படிப் பேசினார், நமக்கு யாரைத் தெரியும் என்பதெல்லாம் வேண்டாம். பரிவாகன் தளத்தில் புகார் பகுதியில் பதிந்துவிட்டு, சலான் போட்ட ஊரின் போக்குவரத்து இன்ஸ்பெக்டரிடம் ஒரு நகல் கொடுங்கள். சேலம் மாநகரம் என்றால் மேலே கமிஷனர் அலுவலகம், நாமக்கல் என்றால் எஸ்.பி. அலுவலகம். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

6. கோர்ட் என்றதும் பயப்பட வேண்டாம். மாஜிஸ்திரேட் முன்னால் "ஒப்புக்கொள்ளவில்லை" என்று சொன்னால் நிரூபிக்க வேண்டியது போலீஸ் தரப்பு. லோக் அதாலத்துக்குப் போகச் சொல்வார்கள். அது சமரசத்துக்கான இடம். தப்பே செய்யாதவனுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு நாள் கூலி போகும் என்பது உண்மை. போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். உண்மையிலேயே தப்பாக நிறுத்தியிருந்தால் மறுபேச்சில்லாமல் கட்டுங்கள். ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் நின்ற தெருவை நான் பார்த்திருக்கிறேன்.

7. விற்ற வண்டிக்கும் சலான் வரும். கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாளை வாங்கியவனிடம் கொடுத்துவிட்டு மறந்துபோகிறார்கள். படிவம் 29, 30 போய் ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை நீங்கள்தான் ஓனர். விபத்து நஷ்டஈட்டில்கூடப் பதிவில் இருக்கும் ஓனர்தான் பொறுப்பு என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

8. ஆர்.சி.யில் இருக்கும் செல் நம்பர் இப்போது உங்களிடம் இருக்கிறதா? பல பேருக்கு அது எப்போதோ தூக்கிப் போட்ட சிம். மெசேஜ் அங்கே போய்விடுகிறது; எஃப்.சி.க்குப் போகும்போதுதான் நாலு சலான் நிலுவை என்று தெரிகிறது, அதற்குள் படமும் சாட்சியும் கலைந்துபோயிருக்கும். இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆர்.சி.யை எடுத்துப் பார்த்து, நம்பரை மாற்றிவிட்டுப் படுங்கள் கண்ணு.