பெட்டியில் வந்த ஆர்க்கிட்டுக்கு முதல் மாதம்

தங்கச்சி, கூரியரில் ஆர்க்கிட் வரவழைத்தால் முதல் மாதம்தான் முக்கியம். இருட்டுப் பெட்டிக்குள், காற்றோட்டமில்லாமல், சூடேறிய வண்டியில் கிடந்து நம் ஊரான காஹாங்குக்கு வந்து சேர்ந்த செடி அது. வாடிய இலையைப் பார்த்ததும் உரம் போடவும் தண்ணீர் ஊற்றவும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறு. புது வேரின் நுனி பச்சையாக நீளும்வரை அதற்குத் தேவை நிழலும் காற்றும் அளவான ஈரமும்தான்.

பெட்டியை அன்றைக்கே பிரி

நாளைக்கு என்று தள்ளிப் போடாதே. பிளாஸ்டிக் உறை, ஈரக் காகிதம், பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிடு. உடைந்த இலை, நசுங்கிய தண்டு இருந்தால் உடனே படம் பிடித்துக் கடைக்காரருக்கு அனுப்பு.

மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்படாதே. இருட்டும் சூடும் பட்ட செடி முதலில் மொட்டைத்தான் கைவிடும். பழுத்த வாழைப்பழத்துக்கு அருகில் மட்டும் வைக்காதே. பழம் பழுக்கும்போது வெளியேறும் எத்திலின் வாயு மொட்டையும் பூவையும் உதிர்த்துவிடும். சாமி மேடையில் பழத்தட்டு இருந்தால் செடிக்கு வேறு இடம் பார்.

வேரைத் தொட்டுப் பார்

இலை நிலைமையைத் தாமதமாகத்தான் காட்டும். வேர் உடனே காட்டும். நல்ல வேர் விரலுக்குக் கெட்டியாக இருக்கும். காய்ந்திருக்கும்போது வெள்ளியாகத் தெரியும், நனைந்ததும் பச்சையாகும். வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை நீரை உறிஞ்சுவதால் வரும் மாற்றம் அது. பழுப்பாகி, அழுத்தினால் கொழகொழவென்றோ உள்ளே வெறுமையாகவோ இருக்கும் வேர் செத்தது. கத்திரிக்கோலைத் தீயில் காட்டி ஆறவைத்து, அதை மட்டும் வெட்டு. டென்ட்ரோபியத்தின் பழைய தண்டு சுருங்கி, இலையில்லாமல் மொட்டையாக நின்றாலும் வெட்டாதே. செடியின் சேமிப்பு அதில்தான் இருக்கிறது.

முதல் தண்ணீர்

வாண்டா, மொக்காரா வகைகள் வெறும் வேரோடு வரும். வேரை மட்டும் 15 முதல் 20 நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, நீர் வடிந்ததும் தொங்கவிடு. பலெனோப்சிஸ் என்றால், உள்ளே இருக்கும் பாசியில் விரலை விட்டுப் பார். ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டியதில்லை. எதற்கும் காலையில்தான் தண்ணீர். பலெனோப்சிஸின் இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் டிஷ்யூவால் ஒற்றி எடு. அங்கே அழுகல் பிடித்தால் செடியைக் காப்பாற்றுவது கடினம்.

வெயிலைச் சிறிது சிறிதாகக் காட்டு

இருட்டிலிருந்து வந்த இலை நேர் வெயிலில் ஒரே நாளில் கருகிவிடும். முதல் வாரம் வெளிச்சம் மட்டும் வரும் நிழலில் வை. பிறகு கிழக்குப் பக்கத்து இளவெயில் போதும். தகரக் கூரைக்கு நேர் கீழே தொங்கவிடாதே, பிற்பகல் சூடு அங்கே இறங்கும். இலையைத் தொட்டால் சூடாக இருந்தால் இடத்தை மாற்று. மொக்காராவுக்கும் வாண்டாவுக்கும் பிற்பாடு நிறைய வெளிச்சம் வேண்டும். நிழல் வலையின் கீழ் வைத்து மெல்லப் பழக்கு.

நம் ஊர் மழைக்கு ஏற்ற தொட்டி

மழை விட்டதும் சாலையோர மரங்களைக் கவனி. சில நாள் கழித்து, ஒரே காலையில் வெள்ளை வெள்ளையாகப் புறா ஆர்க்கிட் பூத்திருக்கும். மழையால் திடீரென்று குளிர்ந்ததிலிருந்து ஏறக்குறைய 9 நாளில் அது மலரும். மரப்பட்டையைப் பற்றியிருக்கும் அதன் வேருக்கு மண்ணே இல்லை. மழை நனைக்கிறது, காற்று காயவைக்கிறது. உன் தொட்டியிலும் வேர் அப்படி நனைந்து காய வேண்டும்.

குளிர்ந்த இடத்தில் வளர்ந்த செடியை இறுக்கமான பாசியில் நட்டு அனுப்புவார்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் அந்தப் பாசி காயவே காயாது. அடுப்புக்கரி, செங்கல் துண்டு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு கலந்து, நிறைய ஓட்டையுள்ள தொட்டிக்கு மாற்று. வேர் நன்றாக இருந்து பூவும் இருந்தால், பூ உதிர்ந்த பிறகு மாற்றலாம். வேர் அழுகியிருந்தால் உடனே மாற்று, பூந்தண்டையும் வெட்டிவிடு. மாற்றிய செடி ஆடாமல் குச்சி வைத்துக் கட்டு. ஆடினால் புது வேர் நுனி உரசி நின்றுபோகும். நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை அடிக்கும்போது தாழ்வாரத்துக்குள் கொண்டுவந்துவிடு.

மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வை

இரண்டு மூன்று வாரம் தனியாக வை. இலையின் அடிப்பக்கம், தண்டின் இடுக்கு, தொட்டியின் ஓட்டை எல்லாம் பார். வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி தெரிந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடை. இலையில் நீர்க்கோத்த புள்ளி வந்து நாற்றம் அடித்தால் அது அழுகல். நல்ல பகுதியும் சிறிது சேரும்படி வெட்டி, வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைப் பொடி தடவு. பொடி வேரில் படக்கூடாது, வேரைக் காயவைத்துவிடும்.

உரம் எப்போது?

புது வேரோ புது இலையோ தெரிந்த பிறகுதான். 20-20-20 உரத்தை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடு. இடையில் வெறும் தண்ணீரால் தொட்டியை நன்றாக அலசு, உப்பு தங்காது.

தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம்

தேங்கிய நீரில் வேரும் அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. மழைநீர் பிடிக்கும் வாளிக்கும் மூடி போடு.

அடுத்த முறை வாங்கும்போது

கேமரன் மலையின் பலெனோப்சிஸ் அழகுதான். ஆனால் 28 பாகை செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து சூடு இருந்தால் அது புதுப் பூந்தண்டு விடத் தயங்கும். நம் வீட்டில் இலை விட்டும் பூக்கவில்லை என்றால் உன் கைமேல் குறையில்லை. டென்ட்ரோபியம், வாண்டா, மொக்காரா மூன்றும் நம் வெப்பத்துக்குப் பழகியவை. முதலில் அவற்றில் ஒன்றை வாங்கு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகும் வழி நம் ஊர்தான். அங்கிருந்து யாராவது பிடுங்கி வந்து மலிவாக விற்றாலும் வாங்காதே. தேசியப் பூங்காவில் செடி பறிப்பது குற்றம். மரத்திலிருந்து உரித்த வேர் தொட்டியில் பிழைப்பதும் அரிது. பண்ணையில் வளர்த்த செடியா என்று கேட்டு வாங்கு.