மாப் பேட் வாங்கப் போகிறீர்களா? துணி காயும் கொடியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

மாப் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கைப்பிடியை நீட்டி மடக்கிப் பார்க்கிறார்கள். அடுத்து வாளி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்கிறார்கள். தினமும் தரையில் உரசப் போகிற பேடை மட்டும் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. புசுபுசுவென்று தடிமனாக இருந்தால் நல்ல சரக்கு என்று நம்பி எடுத்துவந்துவிடுகிறார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் அதே பேட் இரண்டு நாளானாலும் காயாமல் வாடை வீசுகிறது. துடைத்த தரையில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று பழைய வேட்டித் துணிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

குறை மாப் பேடில் இல்லை, அதைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது. ஒருமுறை துடைத்துவிட்டு எறிவதற்கான பேட் அழுக்கைப் பிடித்தால் போதும். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் பேடுக்கு இன்னும் இரண்டு வேலைகள் இருக்கின்றன: அலசும்போது பிடித்த அழுக்கை விட வேண்டும், மறுநாள் துடைப்பதற்குள் காய்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யும் பேடைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. அளவெடுங்கள்

மாப்பின் அடிப்பலகையை நீளம், அகலம் இரண்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பேட் அதைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகையின் பிளாஸ்டிக் விளிம்பு சுவரோரப் பட்டியைக் கீறும். பேட் எப்படி மாட்டிக்கொள்கிறது என்பதையும் பாருங்கள்: வெல்க்ரோவா, இரு முனையிலும் பை போன்ற மடிப்பா, கிளிப்பா? மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் கடையில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

2. உங்கள் தரை எது?

விட்ரிஃபைட் டைல்ஸ், செராமிக் டைல்ஸ், கிரானைட் என்றால் குட்டையான இழை கொண்ட மைக்ரோஃபைபர் பேட். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மார்பிள் தரைக்கும் அதுவே போதும், ஆனால் நன்றாகப் பிழிந்திருக்க வேண்டும். சில பேடுகளில் கறை தேய்ப்பதற்கென்று நடுநடுவே சொரசொரப்பான பிளாஸ்டிக் நூல் வரிகள் இருக்கும். மெருகேற்றிய மார்பிளுக்கும் மரத்தரைக்கும் அவை வேண்டாம்.

சிவப்பு ஆக்சைடு பூசிய பழைய சிமெண்டுத் தரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் மென்மையான பருத்தி பேட் அல்லது குட்டை இழை மைக்ரோஃபைபர். இந்தத் தரைகளுக்கும் மார்பிளுக்கும் எலுமிச்சை, வினிகர், அமிலக் கிளீனர் எதுவும் கூடவே கூடாது. சிமெண்டையும் சுண்ணாம்புச் சத்துள்ள கல்லையும் அமிலம் அரித்துவிடும், போன மெருகு திரும்ப வராது.

வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகச் செய்த பால்கனி, குளியலறை டைல்ஸுக்கு எந்த பேடும் சரிப்படாது. குழிக்குள் இருக்கும் அழுக்கைத் துணி எட்டாது. அங்கே பிரஷ்தான்.

3. துணியைச் சோதியுங்கள்

எல்லோரும் இடறுவது இங்கேதான். பொறுமையாகப் படியுங்கள்.

மைக்ரோஃபைபர் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே தரம் கிடையாது. ஒரு டெனியரைவிட மெல்லிய இழையைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதாவது 9,000 மீட்டர் நீள இழை ஒரு கிராமுக்கும் குறைவான எடை இருக்கும். துடைப்பதற்கான நல்ல துணியில் பாலியெஸ்டரும் பாலியமைடும் (நைலான் வகை) கலந்திருக்கும். 80-க்கு 20, 70-க்கு 30 என்ற விகிதங்கள் வழக்கமானவை. நெய்த பிறகு அந்த இழையை இன்னும் மெல்லிய கீற்றுகளாகப் பிளக்கிறார்கள். அந்தக் கீற்றுகளின் கூரான ஓரங்களும் நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளிகளும்தான் தண்ணீரையும் தூசியையும் பிடித்து வைக்கின்றன. பிளக்காத இழையில் செய்த பேட் பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும். தரையில் இட்டால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க உங்கள் கை போதும். காய்ந்த உள்ளங்கையால் பேடை மெதுவாகத் தடவுங்கள். பிளந்த இழை தோலின் சொரசொரப்பில் லேசாகப் பிடித்து இழுக்கும். வழவழவென்று வழுக்கிப் போனால் வைத்துவிடுங்கள். அட்டையில் கலவை விகிதம் அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். 100 சதவீதம் பாலியெஸ்டர் என்றிருந்தால் நான் தூசி தட்ட மட்டும் எடுப்பேன், ஈரத் துடைப்புக்கு எடுக்க மாட்டேன். சொட்டுத் தண்ணீர் விட்டு உறிஞ்சுகிறதா என்று பார்ப்பதை வீட்டில், முதல் துவைப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புதுத் துணியில் இருக்கும் பூச்சு போகும்வரை நல்ல பேட்கூடத் தண்ணீரை ஏற்கத் தயங்கும்.

அடுத்து இழையின் வடிவம். கம்பளிப்பூச்சிகளை வரிசையாகத் தைத்தது போன்ற பேடுகள் கடைகளில் நிறையத் தொங்கும். அவற்றை ஷெனில் என்பார்கள். பெருக்கியும் போகாத தூசி, உதிர்ந்த முடி ஆகியவற்றைக் காய்ந்த நிலையில் அள்ளுவதில் கெட்டிக்காரத் துணி. ஈரத்தோடு பயன்படுத்தினால் முடியும் கோலமாவும் சோற்றுப் பருக்கையும் அதன் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அலசி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். ஈரத் துடைப்புக்குத் துவாலை போலக் குட்டையாகச் சுருண்ட இழைதான் வாங்க வேண்டும்.

இப்போது தடிமன். கனமான பேட் நிறைய தண்ணீர் குடிக்கும், உண்மைதான். குடித்த தண்ணீரையெல்லாம் யாரோ பிழிய வேண்டும், பிறகு அது காயவும் வேண்டும். பேடை விரல்களுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். உள்ளே பஞ்சு போல அமுங்கி எழும்பினால் நுரை வைத்துத் தைத்திருக்கிறார்கள். நுரை ஈரத்தை விடாது, நாளடைவில் பொடிந்தும் போகும். மொட்டை மாடியில் கொடி இருக்கிறவர்கள் ஓரளவு தடிமனாக வாங்கலாம். அடுக்குமாடியில் சர்வீஸ் ஏரியாக் கம்பி மட்டுமே இருக்கிறவர்கள் மெல்லியதைத்தான் வாங்க வேண்டும். வாடை வருவதெல்லாம் ஈரம் நின்ற பேடில்தான்.

இதில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தரையை யார் துடைக்கிறாரோ அவர்தான் பேடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலைக்கு வரும் அக்கா துடைக்கிறார் என்றால், முதலில் ஒன்றே ஒன்று வாங்கி அவரிடம் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்று அவர் சொன்னால் அந்த பேட் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். பிழியச் சிரமமான பேடை யாராக இருந்தாலும் சொட்டச் சொட்டத்தான் இழுப்பார்கள், தரை காய அரைமணி நேரமாகும், நடந்த கால் தடமெல்லாம் தெரியும்.

கடைசியாகப் பின்பக்கமும் விளிம்பும். வெல்க்ரோ பேட் என்றால் கடைப் பலகையில் ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டுங்கள். உரிக்கும்போதே பின்துணியில் நூல் பிரிந்து பஞ்சு கிளம்பினால் சீக்கிரமே பிடி விட்டுவிடும். சுற்று விளிம்பில் நாடா வைத்துத் தைத்திருக்கிறார்களா, வெறும் ஓவர்லாக் தையல் மட்டுமா என்று பாருங்கள். நாடா வைத்தது நீடிக்கும். நான்கு மூலைகளையும் இழுத்துப் பாருங்கள். பிரிவது எப்போதும் மூலையிலிருந்துதான் தொடங்கும்.

4. எத்தனை வாங்குவது?

ஒரு நல்ல பேடைவிட ஆறு சுமாரான பேடு மேல். காரணம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சாக்ரமென்டோ நகரின் யூ.சி. டேவிஸ் மருத்துவ மையம் 1999-ல் நூல்கற்றை மாப்பை விட்டு மைக்ரோஃபைபர் பேடுக்கு மாறத் தொடங்கியது. பழைய முறையில் இரண்டு மூன்று அறைகளுக்கு ஒருமுறை வாளித் தண்ணீரைக் கொட்டி மாற்ற வேண்டியிருந்தது. புதிய முறையில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு புது பேட். துடைத்த பேட் வாளிக்குத் திரும்புவதே இல்லை. தண்ணீரும் ரசாயனமும் மிச்சமாயின. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த அனுபவத்தை 2002-ல் வெளியிட்டது.

வீட்டுக்கும் இதே விதிதான். கூடத்தைத் துடைத்த பேடை வாளியில் அலசி, அதே தண்ணீரோடு சமையலறைக்குப் போனால் கூடத்து அழுக்கைத்தான் அங்கே பூசுகிறீர்கள். துடைக்கத் தொடங்கும் முன்பே தேவையான பேடுகளை எல்லாம் நனைத்துப் பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் பேடை உரித்து இன்னொரு வாளியில் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊர்களில் இது பெரிய லாபம். வாளி வாளியாக மாற்ற வேண்டாம்.

கணக்கு எளிது. இரண்டு படுக்கையறை வீட்டில் கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. ஒரு நாளைக்கு மூன்று. ஒரு செட் காய்வதற்குள் மறு செட் வேண்டும், ஆக ஆறு. மழைக்காலத்துக்கு இரண்டு கூடுதல். தினமும் துடைக்காத வீட்டுக்கு நான்கு போதும்.

நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். தொழில்முறையாகச் சுத்தம் செய்கிறவர்கள் பல இடங்களில் கழிவறைக்குச் சிவப்பு, சமையல் இடத்துக்குப் பச்சை, பொதுவான இடங்களுக்கு நீலம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் குறைந்தது சமையலறை பேடும் கழிவறைத் துணியும் எந்நாளும் மாறிப் போகாத நிறத்தில் இருக்க வேண்டும்.

5. துவைக்கும் முறை தெரிந்துகொண்டு வாங்குங்கள்

துவைக்கும்போது செய்யக் கூடாதவற்றைச் செய்தால் மேலே சொன்ன தேர்வெல்லாம் வீண்.

முதலில் காயவிட்டு உதறி, ஒட்டிய முடியைப் பழைய சீப்பால் வாரி எடுத்துவிடுங்கள். பருத்தித் துணிகளோடு சேர்த்துப் போடாதீர்கள். அவற்றின் பஞ்செல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் திரவம் கொஞ்சமாக. துணியை மிருதுவாக்கவும் மணக்கவும் ஊற்றும் திரவம் ஒரு சொட்டுகூட வேண்டாம். அது இழையின் மேல் படலமாகப் படிந்து, உறிஞ்சும் சக்தியைக் கெடுத்துவிடும். பிளீச் பாலியமைடை அரிக்கும். 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர், இஸ்திரி, டிரையரின் அதிகச் சூடு எல்லாம் இழையைக் கெடுத்துவிடும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் பேட் சில மாதங்களில் விறைத்துப் போகும். தண்ணீரின் சுண்ணாம்பு இழையில் படிந்ததுதான் காரணம். அரை வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். வினிகரையும் பிளீச்சையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது நெஞ்சைத் தாக்கும்.

பினாயில் ஊற்றுவதிலும் நிதானம் வேண்டும். கூடுதலாக ஊற்றினால் தரையிலும் பேடிலும் பிசுபிசுப்புதான் ஏறும். தினசரித் துடைப்புக்கு நல்ல மைக்ரோஃபைபரும் தண்ணீரும் போதும்.

காயவைக்கும்போது கிளிப் போட்டு விரித்துத் தொங்கவிடுங்கள். வாளி விளிம்பில் மடித்துப் போடுவது காயவைப்பது ஆகாது. காற்றோட்டமான நிழல் சிறந்தது. நாள் முழுக்கக் கொளுத்தும் வெயிலில் கிடந்தால் நைலான் இழை நலிந்துபோகும்.

6. வாங்காமலும் முடியும்

செயற்கை இழை எதைத் துவைத்தாலும் நுண்ணிய பிளாஸ்டிக் நூல்கள் தண்ணீரோடு போகத்தான் செய்யும். அதை விரும்பாதவர்கள் பருத்தி பேட் தைத்துக்கொள்ளலாம். வெந்நீரில் ஊறப்போடலாம், வெயிலில் போடலாம். மைக்ரோஃபைபர் அளவுக்கு நுண்தூசியை அள்ளாது, காயவும் நேரம் பிடிக்கும், ஆனாலும் சிவப்புத் தரைக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் எனக்கு இதுதான் பிடிக்கும்.

பழைய குளியல் துவாலையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதானால் வெட்டும் முன் ஒருமுறை வெந்நீரில் துவைத்துக் காயவையுங்கள். இதைத் தவிர்த்தவர்கள் தைத்த பேட், முதல் துவைப்பிலேயே சுருங்கிப் பலகையில் மாட்ட முடியாமல் போகும். பலகையைவிட நீளத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டரும் அகலத்தில் நான்கு சென்டிமீட்டரும் கூடுதலாக வெட்டி, சுற்றிலும் மடித்துத் தையுங்கள். மீதமுள்ள துவாலையில் கையளவு அகலத்துக்கு இரண்டு பட்டிகளை வெட்டி, இரு முனைகளிலும் பை போலத் தைத்தால் பலகையின் முனைகள் அதற்குள் நுழைந்துகொள்ளும். ஒரே அடுக்காக இருக்கட்டும். இரண்டு அடுக்கு வைத்தால் பழைய தடிமன் பிரச்சினை திரும்பிவிடும்.

7. எப்போது ஓய்வு கொடுப்பது?

வினிகரில் ஊறவைத்த பிறகும் உள்ளங்கையில் பிடிக்கவில்லை என்றாலோ, பலகையிலிருந்து நழுவினாலோ அந்த பேட் தரைக்கு உதவாது. அதை ஜன்னல் கம்பிக்கும் மின்விசிறி இறக்கைக்கும் மாற்றிவிடுங்கள். ஆறையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பழையதற்கு ஒன்று புதியது என்று வாங்கிவந்தால், ஒவ்வொரு முறையும் கைத் தடவலையும் மூலை இழுப்பையும் செய்துபார்க்க வாய்ப்புக் கிடைக்கும். அதே பெயரில் வரும் அடுத்த பொட்டலத்தின் தரம் குறைந்திருந்தால் உடனே தெரிந்துவிடும், ஆறு பேடுக்கான பணமும் தப்பும்.