பையை முதலில் எடுப்பார்கள்

சேலையூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

உன் அம்மா நேற்று போனில் அழுதாள். பாங்காக், அங்கிருந்து ஹனோய், முதுகில் ஒரு பை, ஒரு மாதம், கூட யாரும் இல்லை. 'நீ சொன்னா கேட்பா, நிறுத்து அக்கா' என்றாள். நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 23 வயதில் நான் தனியாகப் போன தூரம் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைதான். நீ போய் வா. போகும் முன் இதை மட்டும் நிதானமாகப் படி.

நான் 31 வருஷம் தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள். காலை ஷிப்டுக்குப் போகும்போது பாண்டியன், பொதிகை ரயில்கள் வந்து நின்றிருக்கும். மூட்டையும் குழந்தையுமாக இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போவேன். ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் ஏமாற்றுகிறவன் முதலில் காசு கேட்பதே இல்லை. 'குடுங்கம்மா, வெயிட்டா இருக்கு' என்று பையை வாங்குவான். பை வண்டியில் ஏறிவிட்டால் ஆள் தானாகப் பின்னால் போவார். வாடகைப் பேச்சு கேம்ப் ரோடு தாண்டிய பிறகுதான் வரும். அப்போது இருட்டு, தெரியாத தெரு, மடியில் தூங்கும் குழந்தை. கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். ஆட்டோக்காரர்கள் எல்லாரையும் சொல்லவில்லை. நீ பிறந்த ராத்திரி உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் காசே வாங்காமல் போனார். நான் சொல்வது அந்தச் சிலரைப் பற்றி. அவர்கள் கையாளும் முறை எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதை, உன் பயணம் முடிவானதிலிருந்து படித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பாங்காக்கில் அரண்மனை மதிலோரம் நன்றாக உடுத்திய ஒருவர் உன்னிடம் வருவார். 'இன்றைக்கு மூடியிருக்கிறது, பிட்சுகளின் பூஜை, மதியம்தான் திறப்பார்கள்' என்பார். கேட் திறந்தே இருக்கும். காலை எட்டரையிலிருந்து மாலை மூன்றரை வரை தினமும் உள்ளே விடுகிறார்கள். அரச சடங்கு ஏதாவது இருந்தால்தான் தடை. அவர் காட்டுகிற டுக்டுக் உன்னை மிகக் குறைந்த காசுக்கு ஒரு சின்னக் கோயிலுக்குக் கூட்டிப்போகும். அங்கே இன்னொருவர் தற்செயலாக வந்தது போலப் பேச்சுக் கொடுப்பார். அரசாங்கமே ரத்தினக் கல்லை வரியில்லாமல் விற்கிறது, இன்றுதான் கடைசி நாள், உன் ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்பார். கடையில் கொண்டுபோய் விடுவதற்கு ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு. எங்கள் ஸ்டேஷனிலும் 'அந்தக் கவுண்டர் மூடியாச்சு, என்கூட வாங்க' என்று சொல்லிக் கூட்டிப்போகிறவர்கள் இருந்தார்கள். நான் உள்ளே டிக்கெட் கொடுத்துக்கொண்டுதான் இருப்பேன். யார் எது மூடியிருக்கிறது என்று சொன்னாலும் வாசல் வரை நடந்துபோய் உன் கண்ணால் பார்.

கடற்கரை ஊர்களில் பைக்குப் பதில் பாஸ்போர்ட்டை எடுப்பார்கள். பட்டாயாவிலும் புக்கெட்டிலும் ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடுகிறவர்களில் சிலர் அதை அடமானமாகக் கேட்பார்கள். சவாரி முடிந்து வந்ததும் அடிப்பாகத்தில் ஒரு கீறலைக் காட்டி, பத்தாயிரக்கணக்கில் பாட் கேட்பார்கள். சுற்றி நாலைந்து பேர் கூடுவார்கள். சீருடை மாதிரி ஏதோ போட்டுக்கொண்டு ஒருவர் வந்து பாதியாகக் குறைத்து வைப்பார். அவரும் அவர்கள் ஆள்தான். ஏடிஎம்முக்குத் துணையாகவும் வருவார்கள். பாப்பா, அந்தப் புத்தகம் உன்னுடையதே இல்லை. 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது எப்போதும் இந்திய அரசின் சொத்து. அடமானம் வைக்க உனக்கும் உரிமை கிடையாது. நகல் கொடு, இல்லை என்றால் அந்த வண்டியே வேண்டாம் என்று வந்துவிடு.

வியட்நாமில் ஸ்கூட்டர் எடுக்காதே. நம் ஊரில் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஒப்பந்தப்படியானது. அந்த நாடு ஏற்பது 1968 ஒப்பந்தத்தை. வழியில் மறித்தால் உன் பக்கம் நியாயம் இருக்காது. அங்கே 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டும் நீலம். வெளிச்சத்தில் நின்று எண்ணிக் கொடு.

இனி, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1996இல் நானும் உன் பெரியப்பாவும் காசிக்குப் போனோம். இரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல், அறையில் படுத்துவிட்டார். படித்துறையில் ஒருவர் நல்ல தமிழில் 'அம்மாவுக்கு எந்த ஊரு?' என்றார். தாம்பரம் என்றதும் சேலையூர் ஏரி பற்றியெல்லாம் பேசினார். கூச்சமே போய்விட்டது. நடுக் கங்கையில் சங்கல்பம் செய்து வைக்கிறேன் என்று படகில் ஏற்றினார். கூட மூன்று பேர் ஏறினார்கள். நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு 5,000 ரூபாய் தட்சிணை கேட்டார். அவ்வளவு என்னிடம் இல்லை. யாரும் என்னைத் தொடவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. படகு மட்டும் நகரவில்லை. கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தேன்.

அறைக்குத் திரும்பி, குளிக்கும்போது ஆற்றில் நழுவிவிட்டது என்று சொன்னேன். 'கங்கைக்குப் போச்சு, விடு' என்று அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்தப் பொய்யோடு 18 வருஷம் அவரோடு வாழ்ந்தேன். அவர் போன பிறகும் அது என்னோடு இருக்கிறது. படகை விட்டு இறங்கியதுமே கத்தியிருக்கலாம், போலீசுக்குப் போயிருக்கலாம். கவுண்டரில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களை எச்சரிக்கிறவள், நானே ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை நம்பித்தான் அந்த நாலு பேரும் என்னைக் கரையில் இறக்கிவிட்டார்கள். அடுத்த நாள் வேறொரு பெண் அதே படகில் ஏறியிருப்பாள் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

மியான்மரில் இருக்கும் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் படிக்கும்போது அதனால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உன்னைப் போலப் படித்தவர்கள். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று நம்பிப் போனார்கள். எல்லையில் மோய் ஆற்றைத் தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய், போனில் முகம் தெரியாதவர்களை ஏமாற்றும் வேலையில் உட்கார வைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி, மின்சார அதிர்ச்சி. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதம் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டு, இதோ நம் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை இரண்டே நாளில் 549 இந்தியர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. நம் வீட்டு மாடிக்கு மேல் விமானப்படை விமானம் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் நினைவு வருகிறது.

விடுதியில் காசு குறைகிற நாளில் ஒருவர் வந்து, அந்த எல்லையோரத்து மே சோட் பக்கம் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது, தங்குமிடம் இலவசம் என்று சொல்லலாம். தமிழிலேயே சொல்லலாம். சுற்றுலாவுக்கென்று உள்ளே விடப்பட்டவள் அங்கே வேலை செய்யவே கூடாது என்பதை நினைவில் வை. அதேபோல், மீனம்பாக்கத்தில் எங்கள் தம்பி வந்து வாங்கிக்கொள்வான் என்று யாராவது சாக்லேட் பொட்டலம் கொடுத்தால் கையால் தொடாதே. பர்மா பஜார் காலத்திலிருந்து, கடத்தல் பொருளைச் சுமந்து வரும் 'குருவி'களை இப்படித்தான் பிடிக்கிறார்கள். இப்போது பாங்காக் விமானத்தில் வரும் பெட்டிகளில் கஞ்சாதான் சிக்குகிறது.

யாராவது மிரட்டினால் நகராதே. அறைக்குள்ளோ, காருக்குள்ளோ, ஏடிஎம்முக்கோ போகாதே. கடை வாசலிலோ ஹோட்டல் வரவேற்பிலோ, நாலு பேர் பார்க்கும் இடத்தில் நில். தாய்லாந்தில் 1155 சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்தில் பேசுவார்கள். போலீஸ் என்று சொல்லி யாராவது பர்ஸைக் கேட்டால், ஸ்டேஷனுக்கே வருகிறேன், நடந்தே போகலாம் என்று சொல். நம் தூதரகம் சுகும்வித்தில் 23ஆம் சோயில் இருக்கிறது. முதல் நாளே போய் வாசலைப் பார்த்துவிட்டு வா. பக்கத்தில் யாரும் இல்லாமல், கத்தியைக் காட்டினால் கேட்டதைக் கொடுத்துவிடு. வளையல் போனதற்காக நான் ஒரு நாளும் அழுததில்லை.

எல்லாம் சொன்ன பிறகும் நீ ஏமாறலாம். 20 பாட் என்றாலும், 2 லட்சம் என்றாலும், உன் தப்பு என்றே உனக்குத் தோன்றினாலும், அன்று ராத்திரியே எனக்குப் போன் செய். ஏன் போனாய், யாரோடு போனாய் என்று கேட்க மாட்டேன். உன் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் நீயே முடிவு செய். ஸ்டேட் பேங்கில் உனக்கென்று கொஞ்சம் பணம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், டிக்கெட்டுக்குப் போதும்.

பக்கத்தில் யாராவது நின்று உன்னைப் பேச வைக்கிறார்கள் என்றால், 'பெரியம்மா, கிணறு தூர் வாரியாச்சா?' என்று மட்டும் கேள். நம் வீட்டில் கிணறு கிடையாது. மூடி, மேலே துளசி மாடம் கட்டி 12 வருஷம் ஆகிறது. நான் 'நாளைக்கு ஆள் வரான்' என்பேன். போனை வைத்ததும் தூதரகத்தைக் கூப்பிடுவேன். அதற்காகப் புறப்படும் முன் பாஸ்போர்ட் நகல், டிக்கெட், தங்கும் விடுதிகளின் முகவரி எல்லாவற்றையும் வியாழக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடு. மாலை ஐந்து மணிக்கு மேல் வா, நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன்
பெரியம்மா