கயலுக்கு, மலை ஏறுமுன்

என் தங்கமே கயல்,

நீ அனுப்பிய கேள்வித்தாளைக் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்துவிட்டேன். கம்பெனியில் சி.எஸ்.ஆர். பிரிவு வேலை, தேயிலைத் தொழிலாளிகளிடம் கருத்துக் கேட்கப் போகிறாள் என்று உன் அப்பன் தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான். ஆனால் "நிறுவனத்தின் நற்பணிகளால் பயனடைந்தீர்களா?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு யாரடி இல்லையென்பார்கள்? பக்கத்திலேயே சூப்பர்வைசர் நிற்பார். நாளைக்கு எந்தக் காட்டில் யாருக்கு வேலை என்று சொல்கிறவர் அவர். சின்னதிலேயே உனக்கு இந்தக் குணம் உண்டு. "ஐஸ் வாங்கித் தருவேதானே அத்தை?" என்று பதிலையும் சேர்த்தே கேட்பாய்.

உன் பாட்டி கொழுந்தெடுத்தவள். தோட்டத்துக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்துக்கு அவசரமாக வெள்ளையடிப்பார்கள். "சுண்ணாம்பு பிள்ளைக்கா, வர்றவங்களுக்கா?" என்பாள். அவள் கவலையெல்லாம் கொழுந்தை நிறுக்கும் தராசுமேல். மழைநாளில் ஈரத்துக்கென்று ஒரு கழிவு, சாக்குக்கென்று ஒரு கழிவு. அந்தச் சாக்கை மட்டும் தனியாக நிறுத்து யாரும் காட்டியதில்லை. வந்த பெரிய மனிதர்களில் ஒருவர்கூட அவளிடம் தராசைப் பற்றிக் கேட்கவில்லை.

மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததைக் கட்டாயம் படி. கண்ணன் தேவன் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். அந்தக் கம்பெனியில் 2005 முதல் தொழிலாளிகளும் பங்குதாரர்கள். உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி, பயிற்சி என்று நல்ல காரியங்களும் அங்கே உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்படியிருந்தும் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியதும் ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத் தலைவர்களையே கிட்டே சேர்க்கவில்லை. நாள் கூலி அப்போது 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. கடைசியில் 8.33 போனஸாகவும் 11.67 கருணைத்தொகையாகவும் பழைய 20 திரும்பி வந்தது. அந்த ரெண்டாவது பகுதிக்கு வைத்த பேரைப் பார்த்தாயா? வேலை செய்தவளுக்குக் கருணையாம்! கூலியும் அந்தத் தடவை 301 வரைதான் ஏறியது.

உன் சி.எஸ்.ஆர். பிரிவுக்கே அடிப்படையான, உன் மேசையிலேயே இருக்கும் சட்டத்தையும் ஒருதரம் நிதானமாகப் படி. 2013 கம்பெனிச் சட்டம், மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. சொந்தத் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டுமே பயன்படும் செலவை அந்தக் கணக்கில் எழுத முடியாது. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் கூரை ஒழுகும்போது அடிவாரத்து ஊரில் பள்ளிக்கூடம் பளபளவென்று எழும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைப் பார்த்து எஸ்டேட் ஆட்கள் முகம் சுளித்தால் நன்றி கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதே. வீடு, ஆஸ்பத்திரி, குடிதண்ணீர், பிள்ளைமடுவம் எல்லாம் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே முதலாளிமேல் கடமையாக வைத்தவை. அவற்றைப் படமெடுத்து நன்கொடை மாதிரி அறிக்கையில் போடுகிறவர்களோடு சேராதே.

நோட்டில் இடப்பக்கம் கம்பெனி கொடுக்கவேண்டியது, வலப்பக்கம் கொடுத்தது என்று பிரித்து எழுது. இடப்பக்கம் நிரம்பாமல் வலப்பக்கத்துக்குப் போகாதே. ஆபீஸில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒருவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுது. உன் கான்வென்ட் தமிழில் நிமிர்த்தி வைக்காதே. பேரை மட்டும் எழுதாதே, அந்த நோட்டு யார் கைக்குப் போகும் என்று உனக்கே தெரியாது.

கேள்வித்தாளோடு மத்தியானம் போய் நிற்காதே, பாவம், அவர்கள் சோறு தின்னும் நேரம் அது. சாயங்காலம் எடை போடும் இடத்துக்குப் போய்ச் சும்மா நில். கம்பெனி ஜீப்பில் ஏறாமல் எஸ்டேட் பஸ்ஸில் போ. அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதே, நகத்தால் மெல்ல நெம்பி எடு. அந்த வெள்ளை ஷூவை வீட்டிலேயே விட்டுவிடு, உன் அப்பனாவது போட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அத்தை