திம்பம் இறங்கும் காருக்கு எதை முதலில் மாற்ற வேண்டும்?

சத்தியமங்கலத்துக்காரர்களுக்குத் திம்பம் மலைப்பாதை அன்றாட வழி. ஆசனூரிலோ தாளவாடியிலோ சொந்தபந்தம் இருக்கும், தோட்டம் இருக்கும். சாம்ராஜ்நகர், மைசூர் என்று வேலை இருக்கும். நான் பெண் எடுத்தது தாளவாடிப் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சாதாரண ஹேட்ச்பேக். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி. அதன் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, முழு பாரத்தோடும் நம்பி இறங்குகிற வண்டியாக வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் பிடிபட்டதை, மலையடிவாரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நம் பையன்கள் முதலில் கேட்பது வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், பெரிய அலாய் வீல், ஓட்டை போட்ட டிஸ்க். என் வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் டயர், அடுத்து பிரேக் ஆயில், பேட், அதன் பிறகு புஷ், கடைசியில்தான் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கில் கைவைக்கவே வேண்டாம்.

காரணம் சூடு. பண்ணாரியிலிருந்து திம்பம் உச்சி ஏறத்தாழ 800 மீட்டர் உயரம். ஆளும் மூட்டையுமாக 1,400 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று யூனிட் மின்சாரம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி மூன்று மணி நேரம் ஓடினால் வரும் சூடு, அரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. காற்றும் டயரும் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதனால்தான். நியூட்ரலில் விட்டு எஞ்சினை அணைத்துவிட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துபோகும். அதன் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டயரை முதலில் சொன்னதற்குக் காரணம், பிரேக்கும் சஸ்பென்ஷனும் என்ன செய்தாலும் கடைசியில் ரோட்டைப் பிடிப்பது அந்த நான்கு உள்ளங்கை அகல ரப்பர்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காக ஏழெட்டு வருடம் வைத்திருப்பது நம் ஊர் வெயிலுக்குச் சரிப்படாது. ரப்பர் இறுகிப்போய், பனிக்காலத்து விடியலில் ஈரமான வளைவில் பிடிப்பு விட்டுப்போகும். மாற்றும்போது அதே மாடலின் உயர்ந்த வேரியண்டுக்கு கம்பெனி கொடுக்கும் அளவு வரை போகலாம், அதைத் தாண்ட வேண்டாம். காற்றழுத்தமும் முக்கியம். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் முழு பாரத்துக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும் நாளில் பின் டயருக்கு அந்த அளவைத்தான் வைக்கிறேன்.

அடுத்தது, யாரும் கண்டுகொள்ளாத பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு 140. டாட் 4க்கு அதுவே 230, 155. மலை இறக்கத்தில் காலிப்பர் சூடேறி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர பிடிக்காது. பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போய்விடும். டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 தாராளமாக ஊற்றலாம். டாட் 5 என்று வருவது சிலிக்கான் ஆயில், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றி, நான்கு சக்கரத்திலும் காற்று எடுக்கச் சொல்லுங்கள். மேலே டப்பாவில் குறைந்ததை ஊற்றி நிரப்புவது ஆயில் மாற்றுவது ஆகாது. சஸ்பென்ஷனும் பிரேக்கும் சேர்த்து நான் செய்த வேலைகளில் மிகக் குறைந்த செலவு இதுதான். இறங்கும்போது கிடைத்த நம்பிக்கையில் மிகப் பெரியதும் இதுதான்.

பேட் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒருமுறை முன்சக்கரத்தைக் கழற்றியபோது வெளிப்புற பேட் பாதிக்கு மேல் இருந்தது. உள்பக்க பேட் தகடு வரை தேய்ந்திருந்தது. எங்கள் மெக்கானிக் காலிப்பரைப் பிடித்து ஆட்டினார், அசையவில்லை. "பேட் மேல தப்பில்லீங்ண்ணா, பின்னு புடிச்சுக்கிச்சு பாருங்க" என்று ஸ்லைடு பின்னை உருவிக் காட்டினார். கிரீஸ் காய்ந்து பழுப்பேறி, ஒரு பக்கம் துருத்தடம். இந்தப் பின்னில் காலிப்பர் வழுக்கி நகர்ந்தால்தான் இரண்டு பேடும் சமமாகப் பிடிக்கும். பின் இறுகினால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், சூடும் ஏறிக்கொண்டே போகும். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்து, ரப்பர் பூட்டை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டார். சாதாரண மஞ்சள் கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பிவிடும், மறுபடியும் இறுகும். வெறும் பேட் மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் அதே போலத் தேய்ந்திருக்கும்.

பேட்டுக்கு, கம்பெனி ஒரிஜினல் அல்லது பெயர்பெற்ற தயாரிப்பு போதும். பிரேக்ஸ் இந்தியா, ரானே எல்லாம் நம் தமிழ்நாட்டிலேயே ஊன்றி வளர்ந்த நிறுவனங்கள். நல்ல பொருளுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. பில் இல்லாத மலிவு பேட் வேண்டவே வேண்டாம். பந்தயத்துக்கான பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது அது ஆபத்து. புது பேட் போட்டதும் நேரே மலை ஏறாதீர்கள். ஆளில்லாத நேர்ச்சாலையில் அறுபதில் போய், பத்து வரை மிதமாகக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பலமுறை செய்து, பிறகு பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும்.

டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்ததைக் கடைசல் பிடித்துப் போடக் கூடாது. ஓட்டை போட்ட டிஸ்க் இந்தப் பாதைக்கு ஒரு நன்மையும் செய்யாது. ஓட்டை ஓரத்தில் விரிசல் விடுவதுதான் மிச்சம். பெரிய பிரேக் செட் மாற்றினால் முன்பின் பிரேக் விகிதமே மாறிப்போகும்.

பின் டிரம்மை மறந்துவிடாதீர்கள். வளைவில் லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டால் ஏற்றத்தில் வரிசையாகக் காத்திருக்க வேண்டும். அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஹேண்ட்பிரேக், அது வேலை செய்வது டிரம்மில். லைனிங் பொடியைத் துடைத்து, வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, அட்ஜஸ்டரைச் சரியாக வைத்தாலே முன் பிரேக்கின் சுமையும் ஓரளவு குறையும்.

இனி சஸ்பென்ஷன். வளைவில் வண்டி சாய்கிறது, ஸ்டீயரிங் ஒரு கணம் தாமதித்துக் கேட்கிறது என்றால் உடனே ஷாக்கைக் குறை சொல்கிறோம். பழைய வண்டியில் பெரும்பாலும் குற்றவாளி ரப்பர்தான்: லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் பார் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட். இவை வெடித்துத் தளர்ந்தால் சக்கரம் தன் கோணத்தில் நிற்காது. என் காரில் இவற்றை மாற்றியதுமே ஸ்டீயரிங் புது வண்டி போலக் கேட்க ஆரம்பித்தது. பழைய ஷாக்கே அப்போதும் இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பல ஒர்க்‌ஷாப்பில் கவனிப்பதில்லை. லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே திரும்பும், புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கைவாக்கில் போட்டு, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். வேலை கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஷாக் போனதற்கு அடையாளம் மூன்று: உடம்பில் ஆயில் கசிந்து தூசு அப்பியிருக்கும், டயர் மேடும் பள்ளமுமாகத் தேயும், பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். மாற்றினால் ஒரு அச்சில் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். கூடவே பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும். கேஸ் ஷாக் கிடைத்தால் வாங்கலாம். உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருப்பதால் தொடர்ந்த குலுக்கலில் ஆயில் நுரைத்துப்போகாது, கடைசி வளைவிலும் முதல் வளைவின் பிடி இருக்கும். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

கடினமான ஸ்பிரிங் ஏன் வேண்டாம் என்கிறேன்? கோவை நமக்குப் பந்தய ஊர். செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டியவர். அந்தப் பெருமையில் பந்தயக் கார் மாதிரி வண்டியைத் தாழ்த்தப் பார்க்கிறார்கள். பந்தயத் தடம் வழுவழுப்பானது, அங்கே விறைப்பு உதவும். திம்பத்தில் பாரலாரி அமுக்கிய பள்ளமும் ஓரம் உடைந்த தாரும்தான். விறைத்த ஸ்பிரிங் அந்தப் பள்ளத்தில் சக்கரத்தைத் துள்ளவைக்கும். துள்ளிய சக்கரம் பிரேக்கும் பிடிக்காது, திரும்பவும் செய்யாது. நாம் பின்பற்ற வேண்டியது ராலிக் காரை, சக்கரத்துக்கு மேலும் கீழும் நிறைய அசைவு விட்டு, ஷாக்கால் கட்டுப்படுத்துகிற முறையை. ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே திணிக்கும் ரப்பர் பஃபரும் இதே காரணத்துக்காக வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதை மன்னிக்கவே முடியாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாக இருக்கலாம். தேய்ந்ததை அதே தரத்தில் மாற்றுவதற்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

வண்டியைச் சரிசெய்த பிறகும் ஓட்டும் முறைதான் பாதி. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்த பிறகு, காலையில் பாதை திறந்ததும் வண்டிகள் மொத்தமாகக் கிளம்புகின்றன. கரும்பு லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இறங்கினால் கால் பிரேக்கை விட்டு எழவே எழாது. இடைவெளி விட்டு, இரண்டாவது கியரில், வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி கொடுப்பது விதியும் கூட. கீழே பண்ணாரியில் நிறுத்தியதும் பிரேக் வாடை வந்தால் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் விரிசல் விடும். நடுவழியிலேயே பெடல் இறங்குவது போல் தெரிந்தால், கியரைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டுப் புறப்படுங்கள். யானை நடமாடும் காடு என்பதால் வண்டியை விட்டு இறங்க வேண்டாம்.

சத்தி, கோபி, புளியம்பட்டிப் பக்கம் ஒர்க்‌ஷாப் நடத்தும் அண்ணன்மார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் ஆயில் மாற்றியதும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள். அதே போல பிரேக் ஆயில் மாற்றிய தேதியையும் எழுதி பானட்டுக்குக் கீழே ஒட்டுங்கள். மலை ஏறப் போகிற வண்டி வந்தால், வேறு எதைப் பார்ப்பதற்கும் முன்னால் அந்தத் தேதியைப் பாருங்கள்.