புட்டு இறங்குதில்லை, டொக்டர்

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. கனநாளாக நெஞ்செரிவும் புளிச்ச ஏவறையும். இப்ப கொஞ்ச நாளாகப் புட்டு, பாண் சாப்பிட்டால் நெஞ்சுக்குள்ளேயே நிற்குது, தண்ணி குடிச்சால்தான் இறங்குது என்கிறா. போதனா வைத்தியசாலையில் குழாய் விட்டுப் பார்த்தவை. றிப்போட்டில் 'இஸட் கோடு 35 செ.மீ., ஹையாற்றஸ் 39 செ.மீ., ஹேர்னியா, எல்.ஏ. தரம் பி, பயொப்சி எடுக்கப்பட்டது' என்று இருக்கு. அம்மா புகையிலையோடு வெத்திலை போடுறவா. ஒப்பரேசன் செய்ய வேணுமோ? கான்சரோ?
– வாசகி, அரியாலை

பதில்: அந்த இரண்டு எண்களிலும் பாதி விடை இருக்கிறது. குழாயில் குறித்திருக்கும் அந்த அளவுகள் முன்பல்லிலிருந்து எண்ணப்படுபவை. வளர்ந்த ஒருவருக்குக் களம், அதாவது உணவுக்குழாய், இரைப்பையோடு சேரும் இடம் பல்லிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. கீழே, நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகட்டைத் தாண்டியவுடன் வரும். களத்தின் உட்தோல் வெளிறிய நிறம், இரைப்பையின் உட்தோல் நல்ல சிவப்பு. இரண்டும் தொடும் இடம் கோணல் மாணலாக ஓடும் ஒரு கோடு. அதுதான் இஸட் கோடு. ஹையாற்றஸ் என்பது களம் கீழே இறங்குவதற்காகப் பிரிமென்றகட்டில் இருக்கும் துவாரம். அம்மாவுக்குத் துவாரம் 39இல், கோடு 35இல். அதாவது இரைப்பையின் மேல்முனை சுமார் 4 செ.மீ. நெஞ்சறைக்குள் சறுக்கி ஏறியிருக்கிறது. ஹையாற்றஸ் ஹேர்னியா உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தச் சறுக்கு வகைதான்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? அந்தச் சந்தியில் மூடி எதுவும் கிடையாது. களத்தின் கடைசி மூன்று நான்கு சென்ரிமீற்றர் தசை தானாக இறுகி நிற்கும். அதைச் சுற்றிப் பிரிமென்றகட்டின் தசைநார்கள் சுருக்குப்பையின் கயிறு போல வெளியிலிருந்து இறுக்கும். இருமும்போதும் குனியும்போதும் முக்கும்போதும் வயிற்று அழுத்தம் ஏறும் அந்தக் கணத்தில் கயிறும் கூடவே இறுகும். இரைப்பை மேலே சறுக்கினால் உள்தசை ஓரிடம், கயிறு வேறிடம். பிறகு முற்றம் கூட்டக் குனிந்தாலே புளிப்பு மேலே வரும்.

'எல்.ஏ. தரம் பி' என்றால் அமிலம் பட்டு உட்தோல் 5 மில்லிமீற்றருக்கு மேல் நீளமாகக் கிழிந்திருக்கிறது, ஆனால் மடிப்புத் தாண்டிப் பரவவில்லை என்று பொருள். ஏ முதல் டி வரையான வரிசையில் இரண்டாவது படி. மருந்துக்கு ஆறக்கூடியது. இந்தப் புண்ணாலேயே புட்டு தங்கி இறங்கலாம். ஹேர்னியா இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் வெட்டுவதில்லை. மருந்துக்கு அடங்காதபோது, அல்லது இரைப்பை களத்தின் பக்கவாட்டில் உருண்டு ஏறும் மற்ற வகையாக இருந்தால், சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். அந்த வகை முறுகிக்கொள்ளக்கூடும்.

கான்சரோ என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டி ஏதும் கண்ணில் பட்டிருந்தால் குழாய் விட்டவர் எழுதியிருப்பார். ஆனால் முடிவு சொல்லவேண்டியது பயொப்சி. எங்கள் ஆட்களிடம் எனக்குள்ள பெரிய குறை இதுதான். குழாய் விடப் பயந்து பயந்து போவார்கள், 'பெரிசா ஒண்டுமில்லை' என்று ஒரு சொல் கேட்டதும் கிளினிக் கொப்பியை மடித்து அலுமாரியில் வைத்துவிடுவார்கள். தசைத்துண்டின் முடிவை வாங்க ஒருவரும் திரும்பிப் போகமாட்டார்கள். நீங்கள் போங்கள். அமிலம் பட்டுப் பட்டுக் களத்தின் தோல் குடல்தோல் போல மாறியிருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும். 1950இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரால் பரட் களம் என்பார்கள். அது புற்றுநோய் அல்ல. ஆனாலும் காலத்துக்குக் காலம் பார்க்கவேண்டியது.

மேற்கு நாடுகளில் இந்தச் சந்தியில் வரும் புற்றுநோய்க்குப் பின்னால் பெரும்பாலும் உடற்பருமனும் நெஞ்செரிவும். இங்கே கதை வேறு. எங்கள் பக்கம் கூடுதலாகக் காண்பது சந்திக்கு மேலே, களத்தின் சொந்தத் தோலில் வரும் வகை. அதற்கு வெற்றிலையும் புகையிலையும் காரணம். புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கோடு போடுகிறேன் என்று அம்மா சமாதானம் சொல்லக்கூடும். அது செல்லாது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் களத்தில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் எழுதியிருக்கிறது. வெற்றிலைத் தட்டத்தையே எடுத்து ஒளித்து வையுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். முதலில் புட்டு, பிறகு குழைத்த சோறு, பிறகு சொதி என்று ஒவ்வொன்றாக இறங்க மறுத்தால், உடம்பும் மெலிந்தால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக்கூடாது. தொடக்கத்திலிருந்தே தண்ணீரும் சோறும் ஒன்றுபோலத் தங்கினால் அது வேறு நோய்: சந்தித் தசை தளர மறுக்கும் அக்கலேசியா. 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, நோயாளியே சாப்பாட்டைத் தள்ளி இறக்கும்படி கொடுத்தாராம். அந்த நோயாளி அப்படியே பல வருடம் சாப்பிட்டு வாழ்ந்தார். இப்போது குழாய் வழியாகவே உள்ளிருந்து அந்தத் தசையை அறுத்துவிடலாம். ஜப்பானில் இனோவே 2008இல் தொடக்கிய முறை.

முடிவு கெட்டதாக வந்தாலும் எல்லாவற்றுக்கும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு பஸ் ஏறவேண்டிய காலம் போய்விட்டது. தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெவுந்தர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் எழும்பிய கட்டடம் அது.

கேள்வி: நான் அதே வீட்டு மருமகன். கடை பூட்டி வந்து சாப்பிட இரவு பத்து மணியாகும், உடனே படுக்கை. நெஞ்செரிவுக்கு பாமசியில் ஒமிப்ரசோல் வாங்கிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுறன். ரெண்டு வருசமாச்சு. பிழையோ?

பதில்: முதல் பிழை நேரம். அந்தக் குளிசை சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு உள்ளே போகவேண்டும். சாப்பாடு வந்து இரைப்பையின் அமிலப் பம்பிகள் வேலையைத் தொடங்கும்போதுதான் அது அவற்றை அடைக்கும். இரண்டாவது, அது அமிலத்தைக் குறைக்குமே தவிர, சந்தியை இறுக்காது. மேலே வருவது வந்துகொண்டுதான் இருக்கும், எரிவு மட்டும் இராது. எட்டு வாரம் ஒழுங்காகப் போட்டு, பிறகு ஒரு வைத்தியரிடம் காட்டிக் குறையுங்கள். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னையைவிடக் கூடச் சுரந்து, குளிசை இல்லாமல் வாழவே முடியாது என்று நினைக்க வைக்கும்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். கடையிலேயே எட்டு மணிக்குச் சாப்பிட்டால் என்ன? தலையணையை அடுக்கினால் கழுத்துத்தான் மடியும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குல மரக்கட்டை வையுங்கள். இடப்பக்கம் சரிந்து படுத்தால் சந்தி அமிலத்துக்கு மேலே நிற்கும், வலப்பக்கம் படுத்தால் அதற்குள் முங்கும். பனங்கட்டி கடித்துக் குடிக்கும் பிளேன்ரீயை விடச் சொல்லமாட்டேன். கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் குடிப்பதும் களத்துக்குக் கூடாது என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது.

படி ஏறும்போது எரிந்து, நின்றதும் ஆறுகிற நெஞ்செரிவு இரைப்பையிலிருந்து வருவதாக இராது, இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். வியர்வையோடு, இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் குளிசை தேடாதீர்கள். 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: குடித்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சத்தி எடுத்த மாமாவுக்குக் கடைசியில் இரத்தம் வந்தது. வெந்தயம் கரைத்துக் குடுத்து நிண்டிட்டுது. விடலாமோ?

பதில்: விடக்கூடாது. கடும் ஓங்காளத்தில் சந்தியின் தோல் கிழிவதுண்டு. மலறி, வைஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் 1929இல் எழுதியது, பெரும்பாலும் தானாக நின்றுவிடும். வெந்தயத்துக்கு அதில் பங்கில்லை. ஆனால் ஈரல் இறுகிய குடிகாரருக்கு அதே இடத்தில் நாளங்கள் புடைத்து நிற்கும். அவை வெடித்தால் ஒரு சட்டி இரத்தம் வரும். இரண்டில் எது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், வழியில் ஒன்றும் குடிக்கக் கொடுக்கவேண்டாம்.